சொன்னதும் வந்ததும்
(மென்பொருள் சாம்ராஜ்யம்: பகுதி 9)

விண்டோஸ் 1.0 கடைக்கு வந்தது 1985 நவம்பர் 20 அன்று. அடுத்த ஓராண்டு வரை, அதற்கு நிரல் எழுதுவது எப்படி என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. 1983 நவம்பரில் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் பில் கேட்ஸ் விண்டோஸை அறிவித்ததையும், சரக்கு வெளிவர இரண்டு ஆண்டுகள் இழுத்ததையும் போன பகுதியில் பார்த்தோம். அறிவிப்புக்கு இருந்த ஆரவாரம் வந்த சரக்குக்கு இல்லை. அதை நம்பி மென்பொருள் எழுத வந்தவர்களுக்குக் கிடைத்தது எஸ்டிகே என்ற பெட்டி: சில வட்டுகள், கனத்த கையேடுகள். எந்த ஃபங்ஷன் என்ன செய்யும் என்று கையேடு சொல்லும். அதை ஏன், எப்போது கூப்பிட வேண்டும் என்பதை வாசிப்பவரே மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும்.

டாஸில் பழகியவர்களுக்கு இது லேசான காரியமில்லை. டாஸில் நிரல்தான் எஜமான். என்ன விசை அழுத்தினார்கள் என்று அது கேட்கும், திரையில் எழுதும், வட்டைத் திறக்கும். எல்லாம் அது நினைத்த நேரத்தில் நடக்கும். விண்டோஸில் கதை தலைகீழ். பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தவர் மாதிரி நிரல் காத்திருக்க வேண்டும். மவுஸ் நகர்ந்தது, விசை அழுந்தியது, மறைந்திருந்த ஜன்னல் மறுபடி தெரிந்தது என்று ஒவ்வொரு சேதியையும் விண்டோஸ்தான் கொண்டுவந்து பரிமாறும். நாம் எழுதிய ஃபங்ஷனை நாம் கூப்பிடுவதில்லை, விண்டோஸ் கூப்பிடும். சி மொழியில் ஐந்தாறு வரியில் முடிகிற 'ஹலோ' நிரல் இங்கே ஒரு பக்கத்தைத் தாண்டி ஓடியது. பார்த்த மாத்திரத்தில் பெட்டியை மூடிவைத்தவர்கள் ஏராளம்.

1986 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் ஒரு பத்திரிகையைத் தொடங்கியது. பெயர் மைக்ரோசாஃப்ட் சிஸ்டம்ஸ் ஜர்னல். படித்தவர்கள் அதை எம்எஸ்ஜே என்றார்கள். அதன் 1986 டிசம்பர் இதழில் சார்லஸ் பெட்சோல்ட் என்பவர், விண்டோஸுக்கு முதல் நிரலை எழுதுவது எப்படி என்று படிப்படியாக விளக்கினார். விண்டோஸ் நிரலாக்கம் பற்றி ஒரு பத்திரிகையில் வந்த முதல் கட்டுரை அதுதான் என்பார்கள். பெட்சோல்ட் மைக்ரோசாஃப்ட் ஊழியர் இல்லை. நியூயார்க் லைஃப் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பல ஆண்டுகள் புரோகிராமராக இருந்துவிட்டு, வேலையை உதறிவிட்டு பிசி மேகசினுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். வெளியாள் என்பதுதான் அவருடைய பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. அமைப்பைக் கட்டியவருக்கு எல்லாமே வெளிச்சமாகத் தெரியும். வாசல் எங்கே என்று முட்டி மோதிக் கண்டுபிடித்தவருக்குத்தான் அடுத்தவருக்கு வழிகாட்டத் தெரியும்.

அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக 1988-இல் 'புரோகிராமிங் விண்டோஸ்' என்ற தடித்த புத்தகம் மைக்ரோசாஃப்ட் பிரஸ் வெளியீடாக வந்தது. பத்து ஆண்டுகளில் ஐந்து பதிப்புகள் கண்டது. ஒரு தலைமுறை நிரலாளர்களுக்குப் புத்தகத்தின் பெயரே தேவைப்படவில்லை. பெட்சோல்டில் இருக்கிறதா, பார் என்பார்கள். பின்னாளில் அவர் தன் கையில் விண்டோஸ் சின்னத்தைப் பச்சை குத்திக்கொண்டார். பக்தி என்று சொல்வதா, தொழில் விளம்பரம் என்று சொல்வதா, வாசகர் தீர்மானிக்கட்டும்.

இதுவரை சொன்னது கற்றுக்கொள்வதன் கதை. செய்தியின் கதை வேறு. மைக்ரோசாஃப்டை நம்பித் தொழில் செய்தவர்களுக்கு இன்று எது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. இரண்டு வருடம் கழித்து கம்பெனி எந்தப் பக்கம் திரும்பும் என்றும் தெரிய வேண்டும். ஒரு பெரிய மென்பொருளை எழுதவே இரண்டு வருடம் ஆகும். தவறான திசையில் இரண்டு வருடம் போனால் திரும்பி வருவதற்குள் கடை காலி. அப்படிக் காலியானவை சாதாரணக் கடைகளும் அல்ல.

1987 ஏப்ரல் 2 அன்று ஐபிஎம் தன் புதிய பிஎஸ்/2 கணினிகளை அறிவித்தது. அவற்றோடு, மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்து உருவாக்கிய ஓஎஸ்/2 என்ற புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் அறிவித்தது. டாஸின் வாரிசு இதுதான் என்று இரண்டு கம்பெனிகளும் ஒரே குரலில் சொல்லின. எல்லாக் காலத்துக்குமான மிக முக்கியமான ஆபரேட்டிங் சிஸ்டமாக இது ஆகக்கூடும் என்ற பொருளில், ஓஎஸ்/2 பற்றிய ஒரு புத்தகத்துக்கு பில் கேட்ஸே முன்னுரை எழுதினார். எம்எஸ்ஜேயின் பக்கங்கள் ஓஎஸ்/2 கட்டுரைகளால் நிரம்பின. பெட்சோல்டும் 1989-இல் ஓஎஸ்/2-இன் ஜன்னல் முகப்பான பிரசன்டேஷன் மேனேஜருக்கு ஒரு புத்தகம் எழுதினார். அந்த நாட்களில் செய்திகளை ஒழுங்காகப் படித்துவந்த எந்தப் புத்திசாலியும் ஓஎஸ்/2 பக்கம்தான் போயிருப்பார். விரிதாள் உலகத்தின் ராஜாவான லோட்டஸும், சொற்செயலிகளின் ராஜாவான வேர்டுபெர்ஃபெக்டும் அப்படித்தான் போயின.

ஆனால் 1988 கோடையில் ஒரு விருந்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். ஒருவர் டேவிட் வைஸ், விண்டோஸ் குழுவில் இருந்தவர். மற்றவர் மரே சார்ஜென்ட். அரிசோனா பல்கலைக்கழகத்து இயற்பியல் பேராசிரியர், கோடை விடுமுறைக்கு மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்க வந்தவர், நிரலில் பிழை தேட உதவும் டீபக்கர் ஒன்றைத் தானே எழுதி வைத்திருந்தவர். அந்த டீபக்கரைக் கொண்டு விண்டோஸை இன்டெல் சிப்பின் பாதுகாக்கப்பட்ட முறைமையில் ஓடவைக்க முடியுமா என்று பேச்சு போனது. 640 கேபி நினைவகச் சிறையிலிருந்து விண்டோஸை வெளியே எடுக்கும் வழி அது. இருவரும் உட்கார்ந்தார்கள், ஓடவைத்தார்கள். கிட்டத்தட்டக் கைவிடப்பட்டிருந்த விண்டோஸுக்கு உயிர் வந்தது. 1990 மே 22-இல் விண்டோஸ் 3.0 வெளியாகி விற்றுத் தள்ளியது.

மைக்ரோசாஃப்டின் எக்செல் 1987 முதலே விண்டோஸில் இருந்தது. வேர்டு 1989-இல் வந்துவிட்டது. லோட்டஸும் வேர்டுபெர்ஃபெக்டும் விண்டோஸுக்கு வந்து சேர்ந்தது 1991-இல். அதற்குள் ஆட்டம் முடிந்திருந்தது. எங்களை வேண்டுமென்றே ஓஎஸ்/2 பக்கம் அனுப்பிவிட்டு இவர்கள் விண்டோஸில் பந்தியை முடித்துக்கொண்டார்கள் என்று போட்டியாளர்கள் பல ஆண்டுகள் குமுறினார்கள். சதி என்று நான் நம்பவில்லை. 1988 வரை மைக்ரோசாஃப்ட் தலைமையே ஓஎஸ்/2-வைத்தான் நம்பியது. உண்மையில் நடந்தது இன்னும் கசப்பானது: அந்த ஆண்டின் மிக முக்கியமான செய்தி எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. ஒரு விருந்திலும் ஒரு டீபக்கரிலும்தான் அது இருந்தது.

அன்றிலிருந்து விண்டோஸ் நிரலாளர்களுக்குச் செய்தி இரண்டு வாயிலிருந்து வந்தது: கம்பெனியின் வாய், மெஷினின் வாய். இனி வரும் பதினைந்து ஆண்டுகளில் இரண்டும் ஒத்துப்போன நேரங்களும் உண்டு, முட்டிக்கொண்ட நேரங்களும் உண்டு.

ஒத்துப்போனதற்கு நல்ல உதாரணம் 1992. அந்த ஜூலையில் சான்ஃபிரான்சிஸ்கோவின் மாஸ்கோனி அரங்கில் மைக்ரோசாஃப்ட் தன் முதல் தொழில்முறை டெவலப்பர் மாநாட்டைக் கூட்டியது. பிடிசி என்ற மூன்றெழுத்தில் அது புகழ்பெற்றது. வெளிவர இன்னும் ஓராண்டு இருந்த விண்டோஸ் என்டியையும், அதற்கு நிரல் எழுதுவதற்கான வின்32 என்ற புதிய ஃபங்ஷன் தொகுப்பையும் (ஏபிஐ) மேடையில் காட்டினார்கள். காட்டியதோடு நிற்காமல் முன்னோட்டப் பதிப்பை சிடியில் போட்டு வந்தவர்கள் கையில் கொடுத்தார்கள். ஓஎஸ்/2 விஷயத்தில் சூடுபட்டவர்களுக்கு இது வேறு மாதிரி வாக்குறுதி: கேட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதில்லை, வீட்டுக்குப் போய் ஓட்டிப் பார்க்கலாம். 1993 ஜூலையில் என்டி வெளிவந்தது. வின்32 இன்றைக்கும் ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் உயிரோடு இருக்கிறது.

அந்த 1992 செப்டம்பரில் இன்னொன்று பிறந்தது: மைக்ரோசாஃப்ட் டெவலப்பர் நெட்வொர்க், சுருக்கமாக எம்எஸ்டிஎன். பெயரில் நெட்வொர்க் இருந்தாலும் கம்பியும் இல்லை, மோடமும் இல்லை. சந்தா கட்டினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தபாலில் ஒரு சிடி வரும். அன்றைக்குப் பெரும்பாலான கணினிகளில் சிடி டிரைவே கிடையாது. இதற்காகவே டிரைவ் வாங்கியவர்கள் உண்டு. ஒரு சிடியில் சுமார் 650 எம்பி அடங்கும். எஸ்டிகே கையேடுகள், மாதிரி நிரல்கள், எம்எஸ்ஜேயின் பழைய கட்டுரைகள், கிரெய்க் பிராக்ஷ்மிட்டின் 'இன்சைட் ஓஎல்ஈ' போன்ற முழுப் புத்தகங்கள் எல்லாம் அதில் ஏறின. அலமாரி நிறைய இருந்த காகிதம் ஒரு தட்டில் வந்து உட்கார்ந்தது.

இடம் மிச்சமானது சின்ன விஷயம். பெரிய விஷயம் தேடல். கையேட்டில் ஒன்றைக் கண்டுபிடிக்க அதன் பெயர் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஃபங்ஷனின் பெயர் தெரியாதவருக்கு அகரவரிசையால் பயனில்லை. சிடியில் எந்தச் சொல்லையும் தட்டித் தேடலாம். திரையில் வந்த பிழைச் செய்தியை அப்படியே தட்டினால், அதே பிழையில் மாட்டிக்கொண்ட யாருக்கோ மைக்ரோசாஃப்டின் ஆதரவுப் பிரிவு சொன்ன பதில் வந்து நிற்கும். நாலெட்ஜ் பேஸ் என்ற அந்தத் தொகுப்பில் ஒவ்வொரு கட்டுரைக்கும் க்யூ என்று தொடங்கும் ஓர் எண் உண்டு. அனுபவசாலிகள் அந்த எண்களை மனப்பாடமாகவே சொல்வார்கள். பல கட்டுரைகள், இது பிழை இல்லை, இப்படித்தான் வடிவமைத்தோம் என்று முடியும். அந்த வாக்கியத்தைப் பார்த்துப் பல்லைக் கடிக்காத விண்டோஸ் நிரலாளர் அந்தத் தலைமுறையில் இருந்திருக்க மாட்டார். ஆனாலும் அது நேர்மையான பதில்தான். மூன்று நாள் தேடலை ஒரே நிமிடத்தில் முடித்துவைத்துவிடும்.

மெஷினின் வாயைத் திறந்தவர்களும் அதே 1992-இல்தான் வந்தார்கள். ஆண்ட்ரூ ஷுல்மன், டேவிட் மேக்ஸி, மேட் பீட்ரெக் மூவரும் எழுதிய 'அன்டாக்குமென்டட் விண்டோஸ்' என்ற புத்தகம் வெளிவந்தது. விண்டோஸின் எந்திர நிரலைப் பிரித்து மேய்ந்து, கையேட்டில் இல்லாத ஃபங்ஷன்களை வரிசையாகப் பட்டியலிட்டார்கள். மைக்ரோசாஃப்டின் சொந்த மென்பொருள்களே அவற்றில் சிலவற்றைப் பயன்படுத்துகின்றன என்றும் காட்டினார்கள். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் மைக்ரோசாஃப்டைத் துருவிக்கொண்டிருந்த நேரம் அது. ஆவணத்தில் ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பது அதுவரை நிரலாளர்களின் புலம்பல். இப்போது அது போட்டிச் சட்டத்தின் கேள்வியானது. ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் அதன் மேல் ஓடும் மென்பொருளையும் ஒரே கம்பெனி விற்கும்போது, எழுதாமல் விட்ட ஒரு பக்கமும் ஆயுதம்தான்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த திருப்பம் இதற்கு அப்புறம்தான். விண்டோஸைப் பிரித்துப் போட்ட அதே மேட் பீட்ரெக், மைக்ரோசாஃப்டின் பெயரைத் தாங்கிய எம்எஸ்ஜேயில் 'அண்டர் தி ஹுட்' என்ற பத்தியை எழுதினார். 1994 மார்ச் இதழில் விண்டோஸின் இயங்கு கோப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று அவர் எழுதிய கட்டுரையை, இன்றும் வைரஸ்களை ஆராய்பவர்கள் தேடிப் படிக்கிறார்கள். கம்பெனி தன் பெயரில் வந்த பத்திரிகையில், தான் சொல்லாததைச் சொல்பவனுக்கு இடம் கொடுத்தது. பெருந்தன்மையும் இருந்திருக்கலாம், கணக்கும் இருந்திருக்கலாம். அந்தப் பத்தி இல்லாவிட்டால் நிரலாளர்கள் பத்திரிகையையே நம்பியிருக்க மாட்டார்கள்.

முட்டிக்கொண்ட கதைக்கு வருவோம். 1993 டிசம்பரில் அனஹைமில் நடந்த பிடிசியில் ரகசியப் பெயர் கொண்ட இரண்டு திட்டங்களை மேடையில் காட்டினார்கள். ஒன்று சிகாகோ, மற்றொன்று கெய்ரோ. சிகாகோ 1995 ஆகஸ்ட் 24-இல் விண்டோஸ் 95 ஆக வந்து உலகத்தைப் புரட்டியது. கெய்ரோ, கோப்புகளைப் பொருள்களாகச் சேமித்துத் தேடித் தரப்போகும் எதிர்கால விண்டோஸ் என்றார்கள். அது வரவேயில்லை. அதன் சில எண்ணங்கள் மட்டும் பிரிந்து வேறு வேறு சரக்குகளில் கலந்தன. அந்த மாநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் சிகாகோவைப் படித்திருந்தால் பிழைத்தார். கெய்ரோவுக்குத் தயாரானவர் வருடங்களைத் தொலைத்தார். மேடையில் இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னின.

1990-களின் பிற்பாதியை வேகமாகத் தாண்டலாம். இணையம் வந்தது, எம்எஸ்டிஎன் சிடியிலிருந்து வலைத்தளத்துக்கு நகர்ந்தது, 2000 மார்ச்சில் எம்எஸ்ஜேயும் அதன் இணையத் தம்பிப் பத்திரிகையும் இணைந்து எம்எஸ்டிஎன் மேகசின் ஆயின. அந்த ஜூலையில் ஆர்லாண்டோ பிடிசியில் டாட்நெட் என்ற நிரலாக்கத் தளமும், ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க் வடிவமைத்த சி ஷார்ப் மொழியும் மேடையேறின. 2002-இல் சொன்னபடி வந்தன. விஷுவல் பேசிக் 6-இல் வாழ்ந்துகொண்டிருந்தவர்களுக்கு மட்டும் அது நல்ல செய்தியாக இல்லை. டாட்நெட்டுக்கான புதிய விஷுவல் பேசிக்கில் பழைய நிரல்கள் அப்படியே ஓடாது. இந்த முறை செய்தி முன்கூட்டியே வந்தது, சரியாகவும் வந்தது. ஆனால் தெரிந்துகொண்டு என்ன செய்வது?

2003 அக்டோபர் கடைசி வாரம். தெற்குக் கலிஃபோர்னியாவின் மலைகளில் காட்டுத்தீ எரிந்துகொண்டிருக்க, லாஸ் ஏஞ்சலஸில் பிடிசி கூடியது. லாங்ஹார்ன் என்ற அடுத்த விண்டோஸை அங்கே முழுசாகத் திறந்துகாட்டினார்கள். திரை வரைவதற்கு அவலான், தகவல் தொடர்புக்கு இண்டிகோ, கோப்புகளைத் தரவுத்தளமாக மாற்றும் வின்எஃப்எஸ் என மூன்று தூண்கள். வின்எஃப்எஸ் என்றதும் பழையவர்களுக்குக் கெய்ரோ ஞாபகம் வந்திருக்கும். முன்னோட்டப் பதிப்பையும் கையில் கொடுத்தார்கள். 1992-இல் கைகொடுத்த அதே சடங்குதான். ஆனால் கையில் ஒரு வட்டு இருப்பதே பொருள் முடியப்போவதற்குச் சாட்சி ஆகாது என்பது இந்த முறை தெரியவந்தது.

அடுத்த வசந்தத்தில், 2004 ஏப்ரலில், மைக்ரோசாஃப்டுக்குள் சிலர் சேர்ந்து சேனல் 9 என்ற வீடியோ தளத்தைத் தொடங்கினார்கள். பெயர் விமானத்திலிருந்து வந்தது. யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானங்களில் ஒன்பதாம் ஒலிச் சேனலைத் திருப்பினால், விமானி கட்டுப்பாட்டு அறையுடன் பேசுவதைப் பயணி அப்போது ஒட்டுக்கேட்க முடிந்தது. பறக்கப் பயந்தவர்களுக்கு அது தெம்பு தந்தது. சேனல் 9-உம் அப்படித்தான்: கையில் கேமராவோடு அலுவலக அறைகளுக்குள் நுழைந்து, வேலை பார்ப்பவர்களையே பேசவிட்டார்கள். மேடையில்லை, விளக்கில்லை. பேசுபவர் தயங்குவதும், அது இன்னும் முடியவில்லை என்று சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வதும் தெரிந்தன. அந்தத் தயக்கம்தான் நிரலாளர்களுக்குத் தகவல். இதற்குச் சற்று முன்பே, 2003-இல், விண்டோஸ் குழுவின் ரேமண்ட் சென் தன் வலைப்பதிவைத் தொடங்கியிருந்தார். விண்டோஸின் ஒவ்வொரு கோணலுக்கும் பின்னால் என்ன காரணம் இருந்தது என்று உள்ளே இருந்தவரே அதில் எழுதினார். ஒரு காலத்தில் பீட்ரெக் பிரித்துப் பார்த்துச் சொன்னதை இப்போது உள்ளிருந்தவரே வெளிப்படையாகச் சொல்லலாம் என்ற நிலை வந்திருந்தது.

2004 ஜூனில் ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற முன்னாள் மைக்ரோசாஃப்ட்காரர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். கம்பெனிக்குள் இரண்டு முகாம்கள் இருக்கின்றன என்றார். ஒன்று ரேமண்ட் சென் முகாம். பழைய நிரல் எதுவும் உடையக் கூடாது என்பது அதன் மதம். சிம்சிட்டி விளையாட்டில் ஒரு பிழை இருந்தது. விடுவித்த நினைவகத்தையே அது மறுபடி படிக்கும். விண்டோஸ் 95-இல் அது ஓடாமல் போய்விடும் என்று தெரிந்ததும், அந்த விளையாட்டுக்காகவே விண்டோஸுக்குள் தனி ஏற்பாடு வைத்தார்கள் என்ற கதையை அவர் சொல்கிறார். மற்றது எம்எஸ்டிஎன் மேகசின் முகாம். ஒவ்வொரு ஆண்டும் புதியதொரு நுட்பத்தை அறிவித்து, பழையதைக் கைவிடச் சொல்வது அதன் வழக்கம். இரண்டாவது முகாம் வென்றுவிட்டது, அதனால் நிரலாளர்கள் வலைக்குப் போகிறார்கள் என்பது அவருடைய முடிவு. பத்திரிகையின் பெயரையே ஒரு நோய்க்குச் சூட்டியது கொஞ்சம் அநியாயம். அந்தப் பக்கங்களில்தானே பீட்ரெக்கும் எழுதினார். ஆனால் செய்தி என்பதே நிரலாளர்களைச் சோர்வடையச் செய்யும் சரக்காக மாறிவிட்டது என்ற அவதானிப்பில் தவறு காண முடியவில்லை.

இரண்டே மாதத்தில் மைக்ரோசாஃப்டே அவர் பக்கம் சாட்சி சொன்னது. 2004 ஆகஸ்ட் 27 அன்று, லாங்ஹார்னில் வின்எஃப்எஸ் இருக்காது என்று அறிவித்தார்கள். அவலானும் இண்டிகோவும் பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கும் கிடைக்கும் என்றார்கள். மூன்று தூண்களில் ஒன்று விழுந்தது, இரண்டு வேறு கட்டடத்துக்கும் போயின. லாங்ஹார்ன் விஸ்டா என்ற பெயரில் வெளிவந்தபோது 2006 முடிந்துகொண்டிருந்தது. வின்எஃப்எஸ்ஸைத் தனியாகவாவது தருவார்கள் என்று காத்திருந்தவர்களுக்கு 2006 ஜூனில் முடிவு தெரிந்தது. லாஸ் ஏஞ்சலஸ் மேடையில் பிரமாண்டமாக அறிமுகமான அந்தச் சரக்கு நின்றுபோன செய்தி, அந்தக் குழுவின் சொந்த வலைப்பதிவில் ஒரு குறிப்பாக வந்தது.

அப்போது டெவலப்பர் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் எஸ். சோமசேகர். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, 1989-இல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்து, ஓஎஸ்/2-விலும் என்டியிலும் வேலை பார்த்தவர். அதாவது, இந்தப் பகுதியில் வந்த முதல் ஏமாற்றத்தையும் அதற்கு அடுத்த வெற்றியையும் உள்ளிருந்து பார்த்தவர். அவருடைய பிரிவு டாட்நெட்டின் மூலநிரலையே உலகத்துக்குத் திறந்துவிடும் நாள் 2014 நவம்பரில் வந்தது. அதற்குள் ஐரோப்பிய ஆணையத்தின் தீர்ப்பும், வலையில் வெளியிடப்பட்ட 30,000 பக்க ஆவணங்களும் குறுக்கே வருகின்றன. அவை அடுத்த பகுதியில்.